பச்சைத் தண்ணீரில் ஒரு டிகாஷன்: வீட்டிலேயே கோல்ட் ப்ரூ காபி போடுவதற்கு முழுமையான வழிகாட்டி

ஈரோட்டில் ஏப்ரல் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கு மேல் சூடான காபியை நினைத்தாலே வேர்க்கும். அப்படி ஒரு நாள் ராத்திரி, சமையலறையில் இருந்த எவர்சில்வர் போசியில் நாலு கரண்டி காபித்தூளைக் கொட்டி, பச்சைத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாயி கேட்டார், "ஏங்கண்ணு, கேஸ் தீந்துபோச்சா?"

"இல்லீங்க அம்மாயி, இப்படியே ராத்திரி பூரா ஊறுனா காப்பி ஆயிருமுங்க."

"பழைய சோத்துக்குத் தண்ணி ஊத்தி வெக்கற மாதிரியா?"

அதேதான். ஆனால் மறுநாள் காலையில் எனக்குக் கிடைத்தது காபி இல்லை. வீட்டில் இருந்த ஃபில்டர் காபித்தூள் அறுபதுக்கு நாற்பது சிக்கரி கலந்தது, மாவு மாதிரி அரைத்தது. தண்ணீரில் அது சேறாகி அடியில் உட்கார்ந்துவிட்டது. துணியில் ஊற்றினால் துணி அடைத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் பிழிந்து முழங்கை வரை கறுத்ததுதான் மிச்சம். வந்த அரை டம்ளரும் வேப்பம்பட்டைக் கசாயம் போல இருந்தது. அம்மாயி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு ஆறிப்போன வரக்காப்பியே தேவலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

கோல்ட் ப்ரூவுக்குத் தனி மிஷினோ விலையுயர்ந்த ஜாடியோ வேண்டியதில்லை. நமக்குக் குறுக்கே நிற்பது ஃபில்டர் காபிப் பழக்கம்தான்: நைஸான தூள், சிக்கரி, கடுமையான வறுவல். ஃபில்டரில் இந்த மூன்றும் காபிக்கு உடம்பு கொடுக்கும், பச்சைத் தண்ணீரில் மூன்றும் காலை வாரிவிடும். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

கோல்ட் ப்ரூ எது, ஐஸ் காபி எது

சூடாகப் போட்ட டிகாஷனை ஆறவைத்து ஐஸ் போட்டால் அது ஐஸ் காபி. பேக்கரியில் பாலும் சர்க்கரையும் போட்டு மிக்ஸியில் அடித்து நுரையோடு தருவது கோல்ட் காபி. கோல்ட் ப்ரூ இரண்டும் இல்லை. இதில் அடுப்புக்கு வேலையே கிடையாது. கொரகொரப்பாக அரைத்த தூளைக் குளிர்ந்த தண்ணீரில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் அதுதான்.

கொதிநீர் நாலைந்து நிமிஷத்தில் தூளிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றையும் அள்ளி வந்துவிடும். பச்சைத் தண்ணீருக்கு அந்த வேகம் கிடையாது. இனிப்பும் காபியின் அடிச்சுவையும் மெல்ல இறங்கும், கசப்பில் ஒரு பங்கு தூளிலேயே தங்கிவிடும். அதனால்தான் சர்க்கரை போடாமலே குடிக்க முடிகிறது. சூட்டில் எழும் அந்த மணத்தை மட்டும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். தெருமுனை வரை வாசம் வரவேண்டும் என்றால் அதற்கு ஃபில்டர்தான்.

"கோல்ட் ப்ரூவில் அமிலமே இல்லை, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது" என்று பலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2018-இல் ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூடாகவும் குளிராகவும் போட்ட காபிகளை அளந்து பார்த்தார்கள். பிஎச் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 4.85-க்கும் 5.13-க்கும் இடையில். மொத்த அமிலத்தின் அளவுதான் சூடான காபியில் கூடுதலாக இருந்தது. ஆகவே நாக்குக்கு மென்மையாகத் தெரியும், அதற்காக நெஞ்செரிச்சல்காரர்கள் சொம்பு சொம்பாகக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

ஜப்பானில் கியோட்டோ பாணி என்று சொட்டுச் சொட்டாக இறக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் 1964-இல் டாட் சிம்ப்சன் என்பவர் வீட்டுக்கான கோல்ட் ப்ரூ பாத்திரம் ஒன்றை உருவாக்கி, தன் பெயரை ஒட்டி 'டாடி' என்று பெயர் வைத்தார். கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடும் நம் ஊர் விவசாயிகளிடம் போய் ஆங்கிலத்தில் கள்ளுக்கும் பெயரான 'டாடி'யைக் கேட்டால் அவர்கள் வேறு போசியைத்தான் கொண்டுவருவார்கள்!

கொட்டையும் தூளும்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். முக்கால்வாசி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி, மூன்று பக்கமும் காபி மலை. சேலத்துக்கு மேலே ஏற்காடு, பொள்ளாச்சிக்கு மேலே வால்பாறை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே கோத்தகிரி, குன்னூர். நம் ஊர்க் கடைகளில் கேட்கிற பெயர்கள் முதலில் குழப்பும். பிளான்டேஷன் என்றால் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா வகைக் கொட்டை. 'ஏ' என்பது கொட்டையின் அளவைக் குறிக்கும். பீபெரி என்றால் ஒரு பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே விளைந்தது. செர்ரி என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தது, இதில் அராபிகாவும் உண்டு, இன்னொரு காபி வகையான ரொபஸ்டாவும் உண்டு. கோல்ட் ப்ரூவுக்கு முதல் தடவை பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி வாங்குங்கள். பழக்கமான பிறகு அராபிகா செர்ரி கலந்து பாருங்கள், பழவாசம் கொஞ்சம் தூக்கலாக வரும். ரொபஸ்டாவை மட்டும் ஊறவைத்தால் மரக்கட்டை ருசி எட்டிப் பார்க்கும். பாலோடு மட்டுமே குடிப்பவர்கள் நாலில் ஒரு பங்கு ரொபஸ்டா சேர்க்கலாம், கெட்டித்தன்மை கூடும்.

வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். கொட்டை எண்ணெய் பூத்துப் பளபளவென்று கறுத்திருந்தால் அது ஃபில்டருக்குச் சரி, இதற்குக் கருகல் வாடை வரும். எப்போது வறுத்தது என்று கேளுங்கள். வறுத்து ஒரு வாரம் ஆனது நல்லது, ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் மணம் போயிருக்கும்.

சிக்கரி வேண்டவே வேண்டாம். வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடிய பங்கு கிட்டத்தட்ட 30 சதவீதம்தான். சிக்கரி வேரில் அது இரண்டு மடங்குக்கும் மேல். நீங்கள் காபிக்காகப் பதினாறு மணி நேரம் காத்திருக்க, சிக்கரி முதல் அரைமணியிலேயே மொத்தமும் கரைந்து தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். நிறத்தைப் பார்த்து இறங்கிவிட்டது என்று ஏமாந்துபோவோம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் சிக்கரி போட்டுத்தான் குளிர்காபி போடுகிறார்கள், ஆனால் நிறையப் பாலும் சர்க்கரையும் சேர்த்து. அந்த ருசிதான் வேண்டும் என்றால் பத்து சதவீதத்தைத் தாண்டாதீர்கள். பாக்கெட்டில் வாங்கினால் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான் விதி. '51-க்கு 49'-உம் சட்டப்படி சரியான தூளே. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அரவை. கொட்டை வறுத்து அரைக்கிற கடையில் போய், "கோல்ட் ப்ரூவுக்குங்க" என்றால் கோவையிலும் ஈரோட்டிலும் சில கடைக்காரர்களுக்குப் புரியும். புரியாத இடத்தில் நான் சொல்வது இது: "அண்ணா, சம்பா ரவை பதத்துக்கு ஓட்டிக் குடுங்க." உடனே புரிந்துகொள்வார்கள். இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நமக்கு முன்னால் வந்தவருக்கு அரைத்த நைஸ் தூள் மிஷினின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு கைப்பிடிக் கொட்டையை ஓட்டி அதைத் தனியாக வைத்துவிட்டு, மீதியை அரைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு கைப்பிடியை வீட்டு ஃபில்டருக்கு வைத்துக்கொள்ளலாம். சலித்துக்கொள்ளும் கடைக்காரரும் உண்டு. கால் கிலோ வாங்குகிறவருக்கு இது கேட்கிற உரிமைதான்.

வீட்டில் மிக்ஸிதான் இருக்கிறதா? சின்ன ஜாரில் ஐம்பது கிராம் மட்டும் போட்டு, விட்டு விட்டு இரண்டு இரண்டு விநாடியாக ஆறேழு தடவை சுற்றுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் பாதி மாவாகவும் பாதி கொட்டையாகவும் நிற்கும், சூடும் ஏறும். பிறகு டீ வடிகட்டியில் போட்டுச் சலித்து, கீழே விழும் தூசித்தூளை எடுத்துவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மணல் போல நெருட வேண்டும், ரேகையில் அப்பக்கூடாது.

தண்ணீர்

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். காபி விஷயத்தில் அந்தப் பெருமை நியாயமானது. உப்பு இல்லாத மென்மையான தண்ணீரில் காபி தெளிவாக இறங்கும். பல்லடம், காங்கயம் பக்கத்து போர்த் தண்ணீரில் அதே தூளைப் போட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு தடவியது போல மொழுக்கென்று இருக்கும். கடினநீரில் உள்ள பைகார்பனேட் காபியின் இதமான புளிப்பைத் தின்றுவிடுவதுதான் காரணம்.

அதற்காக ஆர்ஓ தண்ணீர்தான் உத்தமம் என்றும் இல்லை. உப்பே இல்லாவிட்டால் காபி சப்பென்று ஆகிவிடும். காபிக்கு ஏற்ற தண்ணீர் என்று உலக அளவில் சொல்லும் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. வீட்டு ஆர்ஓ மிஷின்கள் பெரும்பாலும் ஐம்பதுக்கும் கீழே கொண்டுபோய்விடும். நான் மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீரும் ஒரு பங்கு காவிரித் தண்ணீரும் கலக்கிறேன். சிறுவாணி வருகிற வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, நேராக ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறவைத்தே பயன்படுத்துங்கள். சூடான காபியில் கிருமியை அடுப்பு பார்த்துக்கொள்ளும். இதில் அடுப்பே இல்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடையும் கொதியில் போய்விடும்.

பாத்திரமும் துணியும்

ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி, அல்லது மூடியுள்ள எவர்சில்வர் தூக்குப்போசி. இரண்டில் எது இருந்தாலும் சரி. பிளாஸ்டிக் டப்பாவில் போன மாதத்து மிளகாய்த்தூள் வாசம் இருக்கும். ஊறுகாய் ஜாடியை எத்தனை தடவை கழுவினாலும் அது ஊறுகாய் ஜாடிதான். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், காபி புளிப்புள்ள பொருள்.

வடிகட்டத் துணி. ஈரோட்டிலும் சென்னிமலையிலும் இருந்துகொண்டு இதற்குக் காகித ஃபில்டர் வாங்குவது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மெல்லிய பருத்தி வேட்டித் துணியில் இரண்டு முழம் போதும், மடித்துப் போடலாம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சோப்புப் போடாமல் இரண்டு தடவை கொதிநீரில் போட்டு எடுத்து அலசி, வெயிலில் காயவையுங்கள். சோப்புப் போட்டால் அந்த வாசம் காபியில் கட்டாயம் வரும்.

திருப்பூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர், "பனியன் துணி கிலோக் கணக்குல கெடக்குது, அதுல வடிக்கலாமா?" என்று கேட்டார். வடித்தும் பார்த்தார். பின்னலாடை இழுத்தால் விரியும், கண் பெரிதாகித் தூள் கீழே இறங்கிவிடும். மிச்சத்துக்குப் பஞ்சுநூல் வேறு காபியில் மிதந்தது. நெய்த துணிதான் வேண்டும்.

அளவு

100 கிராம் தூள், 500 மில்லி தண்ணீர். இதுதான் என் அளவு. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். ஆகவே ஐந்நூறு ஊற்றினால் முந்நூறு மில்லிதான் திரும்பி வரும். அந்த முந்நூறும் கெட்டி டிகாஷன். டம்ளருக்கு 60 மில்லி என்று ஊற்றி, அதே அளவோ ஒன்றரை மடங்கோ தண்ணீர் அல்லது பால் சேர்த்துக் குடிக்க வேண்டும். ஐந்து டம்ளர் தேறும்.

கலக்காமல் அப்படியே குடிக்கிற பதத்துக்கு வேண்டுமென்றால் 100 கிராமுக்கு 800 மில்லி ஊற்றுங்கள். ஏன் நான் கெட்டியாகப் போடுகிறேன் என்றால், ஃப்ரிட்ஜில் இடம் கம்மி. இட்லி மாவுப் போசிக்குப் போக மிச்ச இடம்தான் காபிக்கு.

முடிந்தால் தராசில் நிறுத்துப் போடுங்கள். கொரகொரத் தூளும் நைஸ் தூளும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. கரண்டிக் கணக்கில் போட்டால் இன்றைக்கு வந்த ருசி நாளைக்கு வராது.

ஊறவைப்பது

ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஏழு எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மறுநாள் மதியத்துக்கு முன் தயார். ஜாடியைக் கொதிநீரால் அலசித் துடைத்துக்கொள்ளுங்கள். தூளை மொத்தமாகக் கொட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அடியில் ஒரு கட்டி நனையாமலே கிடக்கும். பாதித் தூள், பாதித் தண்ணீர், மீண்டும் மீதித் தூள், மீதித் தண்ணீர் என்று போடுங்கள்.

ஊற்றியதும் தூள் மொத்தமும் மேலே எழும்பி, நுங்கு நுரைபோல ஒரு தொப்பி கட்டும். புதிதாக வறுத்த கொட்டையில் அடைபட்டிருக்கும் காற்று வெளியேறுவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். தொப்பியே கட்டவில்லை என்றால் தூள் பழசு. பத்து நிமிஷம் விட்டு, நீளமான கரண்டிக் காம்பால் மேலிருந்து கீழே மெதுவாக அமுக்குங்கள். வறண்ட தூள் ஒரு பொட்டுக்கூட மேலே தெரியக்கூடாது. சுழற்றிச் சுழற்றிக் கலக்க வேண்டியதில்லை, கலக்கினால் வடிக்கும்போது கலங்கல் கூடும்.

எவ்வளவு நேரம் என்பது ஊரையும் மாதத்தையும் பொறுத்தது. மார்கழியில் கோயம்புத்தூர்ச் சமையலறையில் வெளியே வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். அதே பன்னிரண்டு மணி நேரத்தைச் சித்திரையில் கரூரிலோ ஈரோட்டிலோ வெளியே வைத்தால், வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி அடிக்கிற வெயிலில் கசப்பும் இறங்கும், கெட்டும் போகலாம். ஆகவே மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஃப்ரிட்ஜ்தான். அங்கே குளிர் அதிகம், இறங்குவது மெதுவாக இருக்கும், பதினாறிலிருந்து பதினெட்டு மணி நேரம் கொடுங்கள். எனக்குப் பிடித்தது எல்லா மாதமும் ஃப்ரிட்ஜ், பதினாறு மணி. இருபத்துநாலு மணி நேரம் வைத்தால் இன்னும் நன்றாக வரும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் வைத்துப் பார்த்தேன், ஈரப்பலகை ருசிதான் கூடியது.

மூடியை இறுக்கமாகப் போடுங்கள். காபி பக்கத்தில் இருப்பதன் வாசத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை மூடி சரியாகப் போடாமல் விட்டு, மேல் தட்டில் இருந்த இட்லி மாவு ராத்திரியில் பொங்கி வழிந்து, காலையில் ஜாடிக்குள் வெள்ளை ஒழுக்கு. அந்தக் காபியை யாரும் குடிக்கவில்லை.

வடிப்பது

அவசரப்பட்டால் கெடுகிற இடம் இதுதான். முதலில் டீ வடிகட்டியில் ஊற்றிப் பெரிய சக்கையை எடுத்துவிடுங்கள். அடியில் தேங்கிய சேற்றை ஊற்ற வேண்டாம். பிறகு வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, அகலமான போசியின் வாயில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, துணி கிளிப்பால் நாலு பக்கமும் கவ்விவிடுங்கள். துணியை நனைக்காமல் போட்டால் முதல் ஐம்பது மில்லியை அதுவே குடித்துவிடும்.

ஊற்றிவிட்டுப் போய்விடுங்கள். முப்பது நாற்பது நிமிஷம் ஆகும். முதலில் நூல் போல ஒழுகும், அப்புறம் சொட்டும், அப்புறம் ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் நீங்கள் மூச்சு விட நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கை பரபரக்கும், மூட்டையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கத் தோன்றும். பிழியாதீர்கள். பிழிந்தால் வருவது நைஸ் தூளும் கசப்பும் கலந்த சேற்றுநீர், அதுவரை வடித்த தெளிவு அத்தனையும் அதில் போய்விடும். நல்ல கோல்ட் ப்ரூவை டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பாக, திக்கான நன்னாரி சர்பத் போலத் தெரியும்.

வீணாகிறதே என்று மனசு கேட்காவிட்டால், துணியில் தங்கிய சக்கை மேல் 150 மில்லி குளிர்ந்த தண்ணீரைச் சுற்றிலும் மெதுவாக ஊற்றுங்கள். சக்கை பிடித்து வைத்திருக்கும் காபியில் பெரும்பங்கு கீழே இறங்கும். ஃபில்டரில் இரண்டாம் டிகாஷன் எடுப்போமே, அதே கணக்கு. இதைத் தனியாக வைத்துப் பால் சேர்க்கும் டம்ளருக்குப் பயன்படுத்துங்கள்.

வீட்டு ஃபில்டரையும் வடிகட்டியாகப் பயன்படுத்தலாம், மேல் பாத்திரத்தின் ஓட்டையில் துணித்துண்டு ஒன்றைப் போட்டு. ஆனால் ஃபில்டரிலேயே தூளைப் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொரகொரத் தூளில் தண்ணீர் நிற்காது, இரண்டு நிமிஷத்தில் கீழே போய்விடும்.

டம்ளரில்

முதல் டம்ளரை எதுவும் சேர்க்காமல் குடியுங்கள்: 60 மில்லி டிகாஷன், 60 மில்லி குளிர்ந்த தண்ணீர், நாலு ஐஸ் கட்டி. ஐஸ் கட்டியும் நல்ல தண்ணீரில் உறையவைத்ததாக இருக்கட்டும், இல்லையென்றால் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் செய்ததில் கடைசியில் போர்த் தண்ணீர் கரையும்.

இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரையை நேராகப் போடாதீர்கள், குளிரில் கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். பாகு செய்துகொள்ளுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைகிற வரை கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவைத்தால் போதும், கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது, காபியின் கசப்போடு சேரும்போது லேசாகக் கரும்பு ஆலை வாசம் வருகிறது. கருப்பட்டியிலும் இப்படியே செய்யலாம், ஆனால் அது காபியை அமுக்கிவிடும்.

பாலோடு என்றால் 60 மில்லிக்கு 90 மில்லி. காய்ச்சி ஆறவைத்து ஆடை எடுத்த, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பால். எருமைப்பால் கிடைக்கிற வீட்டில் அதைப் போடுங்கள், தண்ணீர்ப் பாலில் கோல்ட் ப்ரூ அலசிவிட்டது போல இருக்கும். நாட்டுச்சர்க்கரை சூடான பாலைத் திரித்துவிடும் என்பது தெரிந்ததுதான். இங்கே பாலும் பாகும் இரண்டும் குளிர்ந்திருப்பதால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

எங்கள் வீட்டில் அதிகம் காலியாவது இளநீர் சேர்த்தது. பொள்ளாச்சி இளநீர் ஒன்றைக் குளிரவைத்து, அதில் 150 மில்லியை டம்ளரில் ஊற்றி, அதன் மேல் 40 மில்லி டிகாஷனைக் கரண்டியின் பின்பக்கத்தில் மெதுவாக வழியவிடுங்கள். கொஞ்ச நேரம் இரண்டு நிறமாக நிற்கும். சர்க்கரையே வேண்டாம். ஆனால் இளநீரிலேயே தூளை ஊறவைக்கிற வேலை மட்டும் செய்யாதீர்கள், இளநீர் ராத்திரிக்குள் நொதித்துவிடும். ஏலக்காய் ஒன்றைத் தட்டித் தூளோடு ஊறவைக்கலாம். சுக்கு வேண்டாம், அதற்குச் சூடு வேண்டும். ஈரோடு என்றதும் மஞ்சள் போடலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எத்தனை நாள், எத்தனை டம்ளர்

கெட்டி டிகாஷன் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் நன்றாக இருக்கும், ஏழாம் நாள் வரை குடிக்கலாம். தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டு நாள். பால் கலந்தது அன்றைக்கே. கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் பல மணி நேரம் நின்றிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே வெள்ளைப் படலமோ புளித்த வாடையோ வந்தாலும் அப்படியே.

மென்மையாக இருக்கிறது என்பதற்காக இது லேசான காபி இல்லை. அராபிகாக் கொட்டையில் நூற்றுக்கு 1.2 பங்கு காஃபீன், ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே சொன்ன அளவில் ஒரு டம்ளருக்கு 20 கிராம் தூள் போகிறது, 100 மில்லிகிராமுக்கு மேலேயே காஃபீன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 என்பதுதான் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு. இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் ஒன்றோடு, அதுவும் மாலை நாலு மணிக்கு முன். தாகத்துக்குக் கம்மங்கூழ் இருக்கிறது.

சரியாக வராதபோது

கசந்தால் அரவை நைஸ், அல்லது நேரம் அதிகம். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. சப்பென்று தண்ணீராக இருந்தால் தூள் பழசாகவோ அரவை மிகக் கொரகொரப்பாகவோ இருக்கும். மேலே நனையாத தூள் நின்றிருந்தாலும் இப்படி ஆகும். ஊறும் நேரத்தில் இரண்டு மணி கூட்டிப் பாருங்கள். வெறும் புளிப்பாக இருந்தால் வறுவல் போதவில்லை. அந்த மாதிரிக் கொட்டைக்கு, ஆரம்பத்தில் 100 மில்லி சூடான தண்ணீரில் தூளை நனைத்து, ஒரு நிமிஷம் கழித்துப் பாக்கி 400 மில்லியைக் குளிர்ந்ததாக ஊற்றுங்கள், ருசியும் மணமும் திறந்துகொள்ளும். கலங்கலாக இருந்தால் வடித்ததை ஜாடியில் ஊற்றி ஆறு மணி நேரம் ஃப்ரிட்ஜில் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

துணியை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் பூஞ்சை வாடை. சக்கையைத் தொட்டிச் செடியில் குவியலாகக் கொட்டினால் மேலே ஓடு கட்டித் தண்ணீர் இறங்காது. காயவைத்து மண்ணோடு கலந்து போடுங்கள், அல்லது குப்பைக்குழியில் சாணத்தோடு சேருங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாயியின் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. கொட்டிவிட்டு உள்ளே வரும்போது, "அந்த எளநி காப்பி ஒரு அரை டம்ளர் இருக்குதா கண்ணு?" என்று கேட்பார்.